கிபோ ஆய்வுக்கூடம்: விண்வெளிக்குத் தன் கதவைத் திறந்து வைத்திருக்கும் கூடம்

பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இணைந்துள்ள ஜப்பானின் கிபோ ஆய்வுக்கூடத்தைப் பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் அதன் நீளம், எடை, ஏவப்பட்ட நாள் ஆகியவற்றைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. ஓர் ஆய்வுக்கூடத்தின் தரத்தை எடைபோட அவை போதா. எதை உள்ளே கொண்டுசெல்ல முடியும், எதை வெளியே வைக்க முடியும், அங்கே கிடைக்கும் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம், மாதிரியைத் திரும்பப் பெற எவ்வளவு காலம் ஆகும், யாருக்கெல்லாம் இடம் கிடைக்கிறது ஆகிய கேள்விகளுக்கு அந்தக் கூடம் தரும் விடைதான் அதன் உண்மையான மதிப்பு. தரையில் உள்ள கல்லூரி ஆய்வகத்தைப் பற்றி நாம் கேட்கும் கேள்விகளும் இவையே. அவற்றைப் பூமிக்கு மேல் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு கூடத்திடமும் கேட்க வேண்டும் என்பதே இந்த மதிப்பாய்வின் நோக்கம். வெளியிடப்பட்ட ஆய்வு முடிவுகளையும் விண்வெளி முகமைகள் தந்துள்ள தொழில்நுட்பத் தகவல்களையும் கொண்டு இதை எழுதுகிறேன்.

கிபோ ஒரே பொருளாக மேலே போகவில்லை. அதன் பகுதிகள் மூன்று விண்ணோடப் பயணங்களில் எடுத்துச் செல்லப்பட்டன. 2008 மார்ச்சில் எண்டெவர் விண்ணோடம் பொருள் வைப்பறையைக் கொண்டுசென்றது. 2008 மே 31 அன்று புறப்பட்ட டிஸ்கவரி, முதன்மைக் கூடத்தையும் இயந்திரக் கையையும் சேர்த்தது. 2009 ஜூலையில் எண்டெவர் மீண்டும் சென்று, காற்றில்லா வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் வெளிமேடையைப் பொருத்தியது. இதற்குப் பின்னால் நீண்டதொரு காத்திருப்பு இருக்கிறது. முதன்மைக் கூடம் 2003-லேயே அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தை அடைந்துவிட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த கொலம்பியா விபத்தால் விண்ணோடப் பயணங்கள் நின்றுபோக, கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கூடம் ஐந்து ஆண்டுகள் தரையிலேயே இருந்தது. அதற்காகத் தம் சோதனைகளைத் திட்டமிட்டு வைத்திருந்த ஆய்வாளர்களுக்கு அந்த ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே கடினமாக இருக்கிறது.

முதன்மைக் கூடம் 11.2 மீட்டர் நீளமும் 4.4 மீட்டர் விட்டமும் கொண்ட உருளை. அருகிலுள்ள ஐரோப்பியக் கூடமான கொலம்பஸ் ஏழு மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமும், அமெரிக்காவின் டெஸ்டினி எட்டரை மீட்டர் நீளமும் உடையவை. ஆகவே உள்ளிட வசதியில் கிபோவே இவற்றுள் தாராளமானது. நிலையம் பறக்கும் திசையை நோக்கி நின்றால், ஹார்மனி இணைப்புக்கூடத்தின் இடப்பக்கத்தில் கிபோவும் வலப்பக்கத்தில் கொலம்பஸும் இருக்கும். உள்ளே தரை, கூரை, இரு பக்கச் சுவர்கள் என நான்கு புறமும் மொத்தம் 23 ரேக்குகள், அதாவது கருவிகளைத் தாங்கும் அலமாரிகள், பொருத்தப்பட்டுள்ளன. ஒவ்வொரு ரேக்கும் சுமார் இரண்டு மீட்டர் உயரமும் ஒரு மீட்டர் அகலமும் உடையது. மின்சாரம், குளிர்நீர், தரவு இணைப்பு ஆகிய அனைத்தும் பொது அளவீட்டின்படியே ஒவ்வொன்றுக்கும் வருவதால், நாசாவின் ரேக்கை இங்கேயும் இங்குள்ளதை வேறு கூடத்திலும் மாட்டிக்கொள்ள முடிகிறது. பல நாடுகள் சேர்ந்து இயக்கும் ஓர் இடத்தில் பொது அளவீடு இல்லாமற் போயிருந்தால் ஒவ்வொரு கூடமும் தனித்தனித் தீவாகவே இருந்திருக்கும். கண்ணைக் கவராத இந்த ஒழுங்கை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கிபோவின் தனிச்சிறப்பு முதன்மைக் கூடத்தின் வெளிக்கோடியில் தொடங்குகிறது. அங்கே சிறிய காற்றடைப்பறை ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே இரண்டு சாளரங்கள் உள்ளன. அவற்றின் வழியே பார்த்தால் வெளிமேடையும் பத்து மீட்டர் நீளமுள்ள இயந்திரக் கையும் தெரியும். விண்வெளி வீரர் ஒருவர் தம் கையால் ஒரு கருவியைக் காற்றடைப்பறையின் நகரும் தட்டில் பொருத்தி, உட்கதவை மூடி, காற்றை வெளியேற்றி, வெளிக்கதவைத் திறந்தால், இயந்திரக் கை அதனை எடுத்துக்கொண்டு வெளிமேடைக்குச் சென்றுவிடும். யாரும் விண்வெளி உடை அணிந்து வெளியே போகத் தேவையில்லை. விண்நடை என்பது பல நாள் ஆயத்தமும் பல மணி நேர உழைப்பும் உயிர் ஆபத்தும் கலந்த செயல் என்பதை நினைத்தால் இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். கொலம்பஸுக்கும் வெளிப்புறத் தளங்கள் உண்டு. 2020-ல் பார்தொலோமியோ என்னும் கூடுதல் மேடையும் அதில் சேர்ந்தது. ஆயினும் அந்தக் கூடத்துக்கெனத் தனிக் காற்றடைப்பறையோ தனி இயந்திரக் கையோ கிடையாது. உள்ளறை, கதவு, கை, மேடை ஆகிய நான்கும் ஒரே கூடத்தின் பகுதிகளாக அமைந்திருப்பதே கிபோவின் முதல் பலம். வீட்டுக்குள் வேலை செய்பவர் கதவைத் திறந்து திண்ணையில் ஒரு பொருளை வைத்துவிட்டு வருவதைப் போன்ற இயல்பு, உயிர்வளி இல்லாத அந்த வெளியிலும் சாத்தியமாகியிருக்கிறது.

அந்தக் கதவு பெரியதல்ல. அதன் வழியே செல்லும் பொருளின் பக்கங்கள் ஏறத்தாழ 64, 83, 80 சென்டிமீட்டருக்குள் அடங்கியிருக்க வேண்டும். 2020 டிசம்பரில் நிலையத்துக்குச் சென்ற பிஷப் என்னும் தனியார் காற்றடைப்பறை இதைப்போல் ஐந்து மடங்கு கொள்ளளவு கொண்டது. ஆகவே பெரிய கருவிகளை வைத்திருப்பவர்களுக்கு இன்று வேறு வழியும் உண்டு. ஆனால் கிபோவின் சிறிய கதவு திறந்துவிட்ட வாய்ப்பு அளவை மீறியது.

2012 அக்டோபரில் இந்தக் கதவின் வழியே வெளியே கொண்டுசெல்லப்பட்ட பெட்டிகளிலிருந்து கியூப்சாட் எனப்படும் மிகச் சிறிய செயற்கைக்கோள்கள் ஐந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டன. சிறு செயற்கைக்கோளைப் பஞ்சணை வைத்த பையில் சரக்குக் கலத்தில் ஏற்றி, நிலையத்துக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து சுருள்வில்லின் உந்துதலால் மெல்ல வெளியே தள்ளும் முறை அது. நேரடியாக ராக்கெட்டின் மேல் பொருத்தினால் தாங்க வேண்டிய கடும் அதிர்வைப் பஞ்சணை பெருமளவு குறைத்துவிடுகிறது. அதனால் முதன்முறையாகச் செயற்கைக்கோள் செய்யும் மாணவர் குழுவின் எளிய வடிவமைப்பும் பிழைத்துக்கொள்கிறது. ராக்கெட் புறப்பட்ட பிறகும் வீரர்கள் வெளித்தோற்றத்தைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிகிறது. நிலையத்தின் மேல் மோதாதவாறு பின்புறமாகவும் கீழ்நோக்கியும் தள்ளப்படும் அந்தச் செயற்கைக்கோள்கள், உயரம் குறைவு என்பதால் சில மாதங்களிலோ ஓரிரண்டு ஆண்டுகளிலோ வளிமண்டலத்தில் எரிந்து மறைகின்றன. ஆயுள் குறைவு என்பது குறையே. விண்வெளிக் குப்பை சேராது என்பது அதே குறையின் நல்ல பக்கம்.

இந்த வழியில் யார் யார் விண்வெளிக்குப் போனார்கள் என்று பார்க்கும்போதுதான் எனக்கு இந்தக் கூடத்தின்மேல் மதிப்பு உயர்ந்தது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனம் நடத்திய பேர்ட்ஸ் திட்டத்தில் கானா, மங்கோலியா, வங்கதேசம், நைஜீரியா ஆகிய நாடுகளின் மாணவர்கள் தம் கையால் செய்த சிறு செயற்கைக்கோள்கள் 2017-ல் கிபோவிலிருந்து விடப்பட்டன. அதே திட்டத்தின் மூன்றாம் அணியில் இலங்கையின் ராவணா-1, நேபாளத்தின் நேபாளிசாட்-1 ஆகியவை 2019 ஜூனில் வெளிவந்தன. பத்து சென்டிமீட்டர் பக்கம் கொண்ட கனசதுரம் ஒன்று, ஒரு கிலோவை ஒட்டிய எடை. அதைச் செய்தவர்கள் கியூஷு நிறுவனத்தில் பட்டம் படித்துக்கொண்டிருந்த இளம் பொறியாளர்கள். ஐக்கிய நாடுகள் விண்வெளி அலுவலகத்துடன் ஜப்பானின் விண்வெளி முகமையான ஜாக்சா 2015-ல் தொடங்கிய கிபோகியூப் திட்டத்தின் வழியே கென்யாவின் முதல் செயற்கைக்கோள் 2018-லும், குவாத்தமாலாவினது 2020-லும், மொரீஷியஸினது 2021-லும் புறப்பட்டன. ராக்கெட் கட்டும் வசதியோ இயங்கும் ஏவுதளமோ இல்லாத நாடுகள் இவை. ஒரு நாட்டின் பொறியாளர்கள் தாமே வடிவமைத்து, சோதித்து, தரைநிலையத்தில் அமர்ந்து முதல் சமிக்ஞையைப் பெறும் அனுபவத்தை எந்தப் பாடப்புத்தகமும் தர முடியாது. அந்த அனுபவத்தைத் தரும் இடமாக ஓர் ஆய்வுக்கூடம் மாறியிருப்பதை அதன் மிகச் சிறந்த சேவையாகவே கருதுகிறேன். 2018-லிருந்து செயற்கைக்கோள் விடும் பணியின் வணிகப் பகுதியை ஸ்பேஸ் பிடி, மிட்சுய் புஸ்ஸான் ஏரோஸ்பேஸ் ஆகிய இரு தனியார் நிறுவனங்களிடம் ஜாக்சா ஒப்படைத்துள்ளது.

வெளிமேடையில் 12 இணைப்பிடங்கள் உள்ளன. வழக்கமான ஒரு கருவிக்குச் சுமார் 500 கிலோ எடை வரம்பு. ஒவ்வோர் இடத்திலும் மின்சாரமும் தரவு இணைப்பும் குளிர்விக்கும் திரவமும் கிடைக்கின்றன. தனியாக ஒரு செயற்கைக்கோள் கட்டினால் சூரியப் பலகை, மின்கலம், நிலைநிறுத்தும் கருவிகள், தொலைத்தொடர்பு என எல்லாவற்றையும் ஆய்வாளரே சேர்க்க வேண்டும். இங்கே கருவியை மட்டும் கொண்டுவந்தால் போதும். 2009 முதல் இங்கே இருக்கும் மாக்ஸி எக்ஸ்கதிர்க் கருவி இந்த வசதியின் நல்ல எடுத்துக்காட்டு. நிலையம் எப்போதும் பூமியை நோக்கியே தன் அடிப்பக்கத்தைத் திருப்பி வைத்துச் சுற்றுவதால், ஒரு தொலைநோக்கி விரும்பிய விண்மீனை நோக்கி அதனைத் திருப்ப முடியாது. பிற வானியல் கருவிகளுக்கு இது பெருங்குறை. மாக்ஸியை வடிவமைத்தவர்களோ அந்தச் சுழற்சியையே பயன்படுத்திக்கொண்டார்கள். நிலையம் சுமார் 92 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கும்போது கருவியின் குறுகிய பார்வை வானத்தின் பெரும்பகுதியைத் துழாவிவிடுகிறது. திடீரென ஒளிரும் கருந்துளைகளையும் நியூட்ரான் விண்மீன்களையும் முதலில் கண்டு உலகின் பிற தொலைநோக்கிகளுக்கு அறிவிக்கும் காவல் பணி அதனுடையது. 2018-ல் அது கண்ட மாக்ஸி ஜே1820+070 என்னும், ஒரு கருந்துளையும் ஒரு விண்மீனும் சேர்ந்த இணையைப் பின்னர் பல தொலைநோக்கிகள் விரிவாக ஆராய்ந்தன. 2015-ல் வந்த காலெட் கருவி, தொலைவிலிருந்து வரும் உயர் ஆற்றல் எலெக்ட்ரான்களையும் அணுக்கருக்களையும் காமாக் கதிர்களையும் அளந்துவருகிறது.

பூமியை நோக்கும் கருவிகளும் இங்கே இடம்பெற்றன. தாவரங்களின் வெப்பநிலையை அளக்கும் நாசாவின் ஈக்கோஸ்ட்ரெஸ் 2018-லும், கார்பன் டைஆக்சைடை அளக்கும் ஓகோ-3 கருவி 2019-லும் வந்தன. சூரியனோடு ஒத்திசைந்த பாதையில் செல்லும் செயற்கைக்கோள் ஒரே இடத்தை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே உள்ளூர் நேரத்தில்தான் கடக்கும். 51.6 பாகை சாய்ந்த நிலையத்தின் பாதையோ ஒரே வயலைக் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் காணும் வாய்ப்பைத் தருகிறது. பயிர் எந்த நேரத்தில் நீரின்றி வாடத் தொடங்குகிறது என்று அறிய விரும்புவோருக்கு இது பெரும் உதவி. துருவப் பகுதிகள் பார்வைக்கு அப்பால் போய்விடுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உள்ளே நடக்கும் உயிரியல் ஆய்வுகளில் என்னை மிகவும் கவர்ந்தது ஒப்பீட்டுக்கான ஏற்பாடு. விண்வெளிக்குப் போன உயிரியில் ஒரு மாற்றம் கண்டால், அது எடையின்மையால் வந்ததா, புறப்படும்போது ஏற்பட்ட அதிர்வால் வந்ததா, கதிர்வீச்சால் வந்ததா, கூண்டின் காற்றோட்டத்தால் வந்ததா என்று பிரித்தறிவது எளிதல்ல. தரையில் ஒரு கட்டுப்பாட்டுக் குழுவை வைத்தால் ஈர்ப்பைத் தவிர வேறு பலவும் மாறிவிடுகின்றன. கிபோவின் உயிரணு ஆய்வுக் கருவியில் எடையற்ற அறைக்குப் பக்கத்திலேயே சுழலும் மேசை ஒன்று உண்டு. அது சுழலும் வேகத்தால் பூமியின் ஈர்ப்புக்கு இணையான விசை உண்டாகிறது. ஒரே ராக்கெட், ஒரே காற்று, ஒரே கதிர்வீச்சு. வேறுபாடு ஈர்ப்பு மட்டுமே. 2016-ல் நடந்த முதல் எலி ஆய்வில் 12 எலிகளுள் ஆறு எடையின்மையிலும் ஆறு சுழலும் மேசையிலும் 35 நாள் வாழ்ந்தன. எல்லாமே உயிரோடு பூமிக்குத் திரும்பின. எடையற்றிருந்த எலிகளின் எலும்பும் கெண்டைக்கால் தசையும் நலிந்திருந்தன. செயற்கை ஈர்ப்பில் இருந்தவற்றில் அந்த நலிவு தடுக்கப்பட்டிருந்தது. பின்னர் சுழற்சியைக் குறைத்து நிலவின் ஈர்ப்பான ஆறில் ஒரு பங்கிலும் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். நிலவில் மனிதர் நெடுநாள் தங்கினால் உடல் என்னாகும் என்ற கேள்விக்கு, யாரையும் அங்கே அனுப்பாமலேயே ஒரு பகுதி விடையைத் தரக்கூடிய ஏற்பாடு இது. ஒரு குழுவுக்கு ஆறு எலிகள் என்பது புள்ளியியல் நோக்கில் குறைவு என்பதை மறுக்க முடியாது. ஆயினும் சரியான ஒப்பீட்டோடு வரும் ஆறு, ஒப்பீடில்லாமல் வரும் அறுபதைவிட எனக்கு நம்பகமானது.

யமனாஷிப் பல்கலைக்கழகத்தின் தெருஹிகோ வகயாமா குழுவினர் உறையவைத்து உலர்த்திய எலி விந்தணுக்களைக் கிபோவின் உறைபெட்டியில் வைத்தார்கள். ஒன்பது மாதம் இருந்தவற்றின் முடிவு 2017-லும், ஐந்து ஆண்டு பத்து மாதம் இருந்தவற்றின் முடிவு 2021-லும் வெளியாயின. இரண்டிலும் நலமான குட்டிகள் பிறந்தன. கூடத்துக்கு வெளியே டன்போபோ ஆய்வில், உலர்ந்த டைனோகாக்கஸ் பாக்டீரியாத் திரள்கள் மூன்று ஆண்டுகள் வெட்டவெளியில் விடப்பட்டன. அரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிமன் உள்ள திரள்களில் மேலடுக்கு மடிந்து உள்ளடுக்கைக் காத்ததால் உள்ளே இருந்தவை பிழைத்தன என்று 2020-ல் அறிவித்தார்கள். ஆண்டுக்கணக்கில் வெளியே வைத்து, ஆண்டுதோறும் ஒரு பகுதியை உள்ளே எடுத்துப் பார்க்கும் இத்தகைய ஆய்வு, முன்சொன்ன கதவும் கையும் இல்லாமல் நடந்திருக்காது.

பொருளறிவியலில் மின்புல மிதப்பு உலை குறிப்பிடத்தக்கது. உருகும் பொருளை ஒரு பாத்திரத்தில் வைத்தால் பாத்திரமே அதைக் கெடுத்துவிடும் என்பதால், மின்னேற்றம் கொண்ட சிறு துளியை மின்புலத்தால் அந்தரத்தில் நிறுத்தி, லேசரால் சூடாக்கி, 3,000 பாகை செல்சியஸ் அளவுக்குக் கொண்டுபோய் அதன் அடர்த்தியையும் பரப்பிழுவிசையையும் பாகுநிலையையும் அளக்கிறார்கள். தரையில் உலோகத் துளிகளுக்கு இது கைகூடுகிறது. போதிய மின்னேற்றம் பெறாத ஆக்சைடுகளைப் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்கி நிறுத்துவது கடினம். எடை இல்லாத இடத்தில் சிறு விசையே போதுமாகிறது.

இதே பிரிவில் மராங்கோனி ஓட்டம் பற்றிய ஆய்வைச் சொல்ல வேண்டும். 2008-ல் கிபோவில் முதலில் தொடங்கிய ஆய்வுகளுள் அது ஒன்று. இரு வட்டத் தட்டுகளுக்கு இடையில் சிலிக்கோன் எண்ணெயை ஒரு தூண்போல நிறுத்தி, ஒரு முனையைச் சூடாக்கினால், பரப்பிழுவிசை வேறுபாட்டால் திரவம் ஓடத் தொடங்கும். தரையில் சில மில்லிமீட்டருக்கு மேல் இந்தத் தூண் நிற்காது. கிபோவில் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு நின்றது. ஆனால் வீரர் ஒருவர் சுவரைத் தொட்டு நகர்ந்தாலும் தூண் ஆடிவிடும். ஆகவே வீரர்கள் உறங்கும் நேரத்தில், ஜப்பானின் சுகுபா விண்வெளி மையத்தில் இருந்தவர்களே தொலைவிலிருந்து அதை இயக்கினார்கள். கிபோவின் மிக முக்கியமான குறை ஒன்றையும் இந்தச் செய்தி காட்டிவிடுகிறது. இது எடையின்மைக்காக மட்டும் கட்டப்பட்ட அமைதியான இடமன்று. மனிதர்கள் உடற்பயிற்சி செய்யும், கலங்கள் வந்து இணையும், காற்றாடிகள் ஓயாமல் சுழலும் ஒரு வீட்டின் அறை. மேலும், நிலையத்தின் நிறைமையத்திலிருந்து தள்ளி இருக்கும் எந்த இடத்திலும் சிறிதளவு எஞ்சிய முடுக்கம் இருந்தே தீரும். மிக நுண்ணிய திரவ ஆய்வுகளைச் செய்ய நினைப்பவர்கள் இதைக் கணக்கில் கொண்டே வடிவமைக்க வேண்டும்.

அடுத்த குறை, இடப் பங்கீடு. கிபோவை ஜப்பான் கட்டியதென்றாலும் அதன் ஆய்வு வசதியில் 51 விழுக்காடே ஜப்பானுக்கு, 46.7 விழுக்காடு நாசாவுக்கும் 2.3 விழுக்காடு கனடாவுக்கும் உரியது. மின்சாரம், போக்குவரத்து, வீரர்களின் உணவு உறைவிடம் ஆகியவற்றுக்கான கைம்மாறு அது. வீரர்களின் வேலை நேரத்திலோ, ரஷ்யப் பகுதி நீங்கலாக உள்ளதில் ஜப்பானின் பங்கு 12.8 விழுக்காடு மட்டுமே. ரேக்கில் இடம் இருந்தும் அதைத் தொட்டு இயக்க ஒருவரின் நேரம் இல்லாமல் ஆய்வுகள் வரிசையில் நிற்பது இதனால்தான். வெளிமேடையிலும் நெரிசல் உண்டு. காடுகளின் உயரத்தை லேசரால் அளந்துவந்த கெடி கருவி நன்றாக இயங்கிக்கொண்டிருந்தபோதே, வேறொரு கருவிக்கு இடம் தருவதற்காக 2023 மார்ச்சில் கழற்றிச் சேமிப்பிடத்தில் வைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில்தான் மீண்டும் பொருத்தப்பட்டது. ஓராண்டுக்கும் மேலான அந்த இடைவெளியில் மறைந்த காடுகளின் அளவீடு இனி ஒருபோதும் கிடைக்காது. வேறு வழி இருந்திருக்காது என்பது புரிகிறது. ஆனாலும் இயங்கும் கருவியை இடமின்மையால் உறங்க வைத்தது எனக்கு வருத்தம் தரும் செய்தியே.

மாதிரிகளைத் திரும்பக் கொண்டுவருவது மூன்றாவது சிக்கல். ஜப்பானின் கோனோதோரி சரக்குக் கலங்கள் 2009 முதல் 2020 வரை ஒன்பது முறை பொருட்களைக் கொண்டுவந்தன. ஆனால் அவை திரும்பும்போது வளிமண்டலத்தில் எரிந்துபோகும்படி வடிவமைக்கப்பட்டவை. 2018-ல் ஏழாவது கலத்தோடு சென்ற சிறு கொள்கலம் ஒன்று புரதப் படிகங்களைத் தாங்கி ஜப்பானின் மினமிடோரிஷிமா தீவு அருகே கடலில் இறங்கியது. அந்த முயற்சி வெற்றி பெற்றும் வழக்கமான சேவையாக வளரவில்லை. பெரும்பாலான மாதிரிகளுக்கு அமெரிக்க டிராகன் கலத்தையே நம்ப வேண்டியுள்ளது. புரதப் படிக ஆய்வுகளுக்கு இந்தக் கால அட்டவணை மிக முக்கியம். படிகம் நன்றாக வளர்ந்த பிறகும் கலம் தாமதித்தால் அது சிதையத் தொடங்கும். தகவல் தொடர்பிலும் இதே சார்பு உண்டு. ஜப்பானின் சொந்த இடைத்தொடர்புச் செயற்கைக்கோளான கொடாமா 2017-ல் ஓய்வு பெற்றபின், கிபோவின் தரவு நாசாவின் செயற்கைக்கோள்கள் வழியாகவே தரைக்கு வருகிறது.

பாதுகாப்புச் சோதனைகளைப் பற்றி நீளச் சொல்லப் போவதில்லை. மனிதர் வாழும் இடத்துக்குப் போகும் ஒவ்வொரு மின்கலமும் ஒவ்வொரு திரவமும் பல கட்ட மதிப்பீட்டைக் கடக்க வேண்டும். அது நீண்டதாக இருப்பதே முறை.

மாணவர்களுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. நாசாவின் ஆஸ்ட்ரோபீ என்னும் பறக்கும் கனசதுர எந்திரன்களுக்குரிய நிறுத்தம் கிபோவுக்குள் இருக்கிறது. 2020-ல் தொடங்கிய கிபோ எந்திரன் நிரலாக்கப் போட்டியில், ஆசிய பசிபிக் நாடுகளின் மாணவர்கள் எழுதும் நிரல் முதலில் கணினியில் பாவனைச் சோதனைக்கு உட்பட்டு, வென்றவை நிலையத்தில் உண்மையான எந்திரனை இயக்குகின்றன. வன்பொருள் வாங்கத் தேவையில்லை. கணினியும் கணிதமும் பொறுமையும் இருந்தால் போதும். தம் நிரலால் ஓர் எந்திரன் எடையற்ற அறையில் திரும்பி இலக்கைக் குறிபார்ப்பதை நேரலையில் காணும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அதைவிட வலிமையான அழைப்பு வேறு இருக்க முடியாது. நம் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

மொத்தத்தில், பெரிய கருவியும் தூய எடையின்மையும் தேவைப்படுவோருக்குக் கிபோ முதல் தேர்வாக இருக்காது. ஒப்பீட்டோடு கூடிய உயிரியல் ஆய்வு, வெட்டவெளியில் வைத்துத் திரும்ப எடுக்க வேண்டிய சிறு மாதிரி, முதல் செயற்கைக்கோள், மாணவர் நிரல் ஆகியவற்றுக்கு இதற்கு இணையான இடம் இன்று நிலையத்தில் வேறில்லை என்பது என் கணிப்பு. நிலையத்தை 2030 வரை இயக்குவதற்கு ஜப்பான் 2022 நவம்பரில் ஒப்புக்கொண்டது; அதன்பின் நிலையத்தைக் கட்டுப்பாட்டோடு கடலில் இறக்குவதற்கான கலத்தைக் கட்டும் பணி 2024-ல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஒரு கியூப்சாட்டை வடிவமைத்துச் சோதித்து மேலே அனுப்ப இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால், கிபோவின் கதவு வழியே தம் முதல் செயற்கைக்கோளை விட விரும்பும் கல்லூரிகள் விண்ணப்பத்தை இந்தக் கல்வியாண்டிலேயே தயாரிப்பது நல்லது.